கொமிஷன் லிங்க்: சொல்வதா, விடுவதா, சொன்னால் எங்கே சொல்வது?

தெஹிவளையில் இருந்துகொண்டு தமிழில் சமையல் எழுதும் தங்கை ஒருத்தி போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள். ஒரு பிளெண்டரைப் பற்றி எழுதி, கீழே அதை வாங்குவதற்கான லிங்க்கையும் போட்டிருக்கிறாள். "அக்கா, இதில வாங்கினா எனக்குக் காசு வருமெண்டு சொல்லத்தான் வேணுமோ? சொன்னா ஆக்கள் நம்பமாட்டினம்" என்றாள். அதே கிழமை, கொட்டாஞ்சேனையில் கைபேசிகளைப் பற்றி எழுதும் தம்பி ஒருவரும் அதையே வேறு விதமாகக் கேட்டார்: "விலை ஒண்டுதானே அக்கா, சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

இருவருக்கும் "சொல்லத்தான் வேணும்" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டேன். அது அரைப் பதில். சொல்வதென்று முடிவெடுத்த பிறகும் எங்கே சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, ஒவ்வொரு லிங்க்குக்கும் சொல்வதா என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். அதனால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கடை உங்களுக்கென்று ஓர் அடையாளக் குறி சேர்த்த லிங்க் தரும். வாசகர் அதைத் தொட்டுப் போய் ஏதாவது வாங்கினால் விலையில் ஒரு சிறு வீதம் உங்களுக்கு வரும். அமேசன் 1996இல் இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியது. இன்று டராஸ், அலிஎக்ஸ்பிரஸ், ஹோட்டல் பதிவுத் தளங்கள், இணையத்தளம் நடத்த இடம் விற்கும் நிறுவனங்கள் என்று எங்கும் இது உண்டு. அமேசனில் லிங்க்கைத் தொட்ட 24 மணித்தியாலத்துக்குள் வாங்குவது கணக்கில் சேரும். நீங்கள் எழுதிய பொருளை விட்டு வேறொன்றை வாங்கினாலும் சேரும். இதை அஃபிலியேட் லிங்க் என்பார்கள். நான் கொமிஷன் லிங்க் என்றே எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

கொமிஷன் வாங்குவது பிழையென்று நான் நினைக்கவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டி வாடகை வீடு தேடியவர்களுக்குத் தரகரைத் தெரியும். தன் காசு எவ்வளவு என்று முதலே சொல்லிவிட்டுத்தான் வீடு காட்ட வருவார். அதற்காக அவரை யாரும் வெறுப்பதில்லை. அவர் காட்டும் வீட்டை அதற்கேற்ற கண்ணோடு பார்ப்போம், அவ்வளவுதான்: குழாயைத் திறந்து பார்ப்போம், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். ஆனால் கீழ்வீட்டு அன்ரி "நல்ல வீடு பிள்ளை, யோசிக்காமல் எடுங்கோ" என்றால் குழாயைத் திறக்க மாட்டோம். அன்ரிக்கும் வீட்டுக்காரர் காசு கொடுத்திருக்கிறார் என்பது குடிபுகுந்த பிறகு தெரிந்தால், வீடு நல்லதாகவே இருந்தாலும் அந்த அன்ரியோடு பழையபடி கதைக்க முடியாது.

தமிழில் எழுதுபவர்களை வாசகர்கள் தரகராகப் பார்ப்பதில்லை. அந்த அன்ரியாகத்தான் பார்க்கிறார்கள். நம் மொழியில், நம் வீட்டுச் சமையலறையைத் தெரிந்த ஒருவர் சொல்கிறார் என்று வாசிக்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் இவ்வளவு பெரிதாக எடுப்பது அதனால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல், எனக்கு மிக முக்கியமானதும்கூட: காசு செலவழிக்கப் போகிறவர் லிங்க்கைத் தொடுமுன், அதில் உங்களுக்குப் பங்கிருக்கிறதென்று அறிந்திருப்பாரா? அறிந்திருக்க வழி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் எழுதிவிட்டால் வழி இருந்ததாகத்தான் கணக்கு. உண்மையில் அறிந்தாரா என்பதே கேள்வி.

இரண்டாவது, சட்டமும் ஒப்பந்தமும். கொழும்பில் இருப்பவர்கள் இங்கே ஒரு பிழை விடுகிறோம்: இலங்கைச் சட்டத்தை மட்டும் பார்ப்பது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வணிகர் எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடக்கக்கூடாது என்கிறது. பேஸ்புக்கே பிறக்காத ஆண்டில் வந்த சட்டம் அது. கொமிஷன் லிங்க் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நாம் எழுதுவதைக் கொழும்பில் மட்டுமா வாசிக்கிறார்கள்? ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் வாசிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டு விதிகளை வலைப்பதிவர்களுக்கும் பொருந்துமாறு திருத்தியது. 2023இல் மறுபடியும் புதுப்பித்தது. எழுதுபவர் வெளிநாட்டில் இருந்தாலும், அமெரிக்கப் பாவனையாளரை அது பாதிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் தன் சட்டம் பொருந்தும் என்பது அதன் நிலைப்பாடு. பிரித்தானியாவின் விளம்பரத் தரநிலை ஆணையம் கொமிஷன் லிங்க்கை விளம்பரமாகவே பார்க்கிறது. இந்தியாவில் விளம்பரத் தரநிலைக் கவுன்சில் 2021இலும், மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் விதிகளை வெளியிட்டன. அங்கே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு முதல் தடவை 10 இலட்சம் இந்திய ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமுண்டு.

சட்டம் எட்டாத இடத்திலும் ஒப்பந்தம் எட்டும். அமேசன் திட்டத்தில் சேரும் எவரும், எந்த நாட்டிலிருந்தாலும், தகுதியான கொள்வனவுகளிலிருந்து தமக்கு வருமானம் வருகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தம் தளத்தில் தெளிவாகப் போட வேண்டும். போடாவிட்டால் கணக்கை மூடவும், சேர்ந்த காசைத் தராமல் வைத்துக்கொள்ளவும் ஒப்பந்தம் அவர்களுக்கு இடம் தருகிறது.

மூன்றாவது, பல வருடம் கழித்தும் நிற்கக்கூடிய நம்பிக்கை. நான்காவது, வருமானமும் அதற்காகும் மினக்கேடும். ஐந்தாவதைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை: இந்த வழி எழுதுபவரின் கையை நேராக வைத்திருக்க உதவுமா, சாய விடுமா?

## அவசரக்காரருக்கு ஒரு அட்டவணை

| வழி | வாசகர் முன்பே அறிவாரா | சட்டம், ஒப்பந்தம் | வேலை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சொல்லாமல் விடுவது | இல்லை | பெரும்பாலும் மீறல் | எதுவுமில்லை | ஒருநாள் தெரியவரும். பழைய எழுத்தும் சந்தேகத்துக்குள் வரும் |
| தனிப் பக்கம் அல்லது அடிக்குறிப்பு | அநேகமாக இல்லை | தனியே போதாது | ஒரு தடவை | சொல்லிவிட்டோம் என்ற பொய்யான நிம்மதி |
| தலையில் ஒரு வரி | பெரும்பாலும் ஆம் | நல்ல நிலை | கட்டுரைக்கு ஒரு நிமிடம் | முன்னோட்டத்தில் அந்த வரியே வந்து நிற்கும் |
| ஒவ்வொரு லிங்க்கோடும் | ஆம் | மிக நல்ல நிலை | அதிகம் | ஒன்றை மறந்தால் அது கொமிஷன் இல்லாத லிங்க் போல் தெரியும் |
| கொமிஷனே வேண்டாம் | கேள்வியே எழாது | சிக்கலில்லை | எதுவுமில்லை | வருமானம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும் |

## வழி 1: சொல்லாமல் விடுவது

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. வாசகருக்கு விலை கூடுவதில்லை என்பது உண்மை. வருகிற காசும் சின்னது. 2020 ஏப்ரலில் அமேசன் தன் வீதங்களை வெட்டியபோது தளபாடங்களுக்கு 8 வீதமாக இருந்தது 3 ஆனது. இந்தச் சில்லறைக்கு எதற்கு அறிவிப்பு என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் காசின் அளவை வைத்து இதை முடிவெடுக்க முடியாது. சின்னக் காசுதான் என்றால் சொல்வதற்கு ஏன் தயக்கம்? சொன்னால் வாசகர் வேறு கண்ணோடு பார்ப்பார் என்பதால்தானே. வேறு கண்ணோடு பார்க்க வைக்கும் ஒரு விஷயத்தை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டுதான் அவரை வாங்கச் சொல்கிறோம். தெஹிவளைத் தங்கை "சொன்னா நம்பமாட்டினம்" என்றபோது, தெரியாமலேயே சொல்ல வேண்டிய காரணத்தைச் சொல்லிவிட்டாள்.

மறைத்தாலும் மறையாது என்பதையும் பார்க்க வேண்டும். அமேசன் லிங்க்கின் வாலில் உங்கள் அடையாளக் குறி அப்படியே இருக்கும். அமெரிக்கக் கடையின் குறி 20 என்ற இலக்கத்திலும், பிரித்தானிய, இந்தியக் கடைகளின் குறி 21 என்ற இலக்கத்திலும் முடியும். தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். யாராவது அந்த லிங்க்கைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் முழு நீளமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. விளம்பர லிங்க்குகளைத் தனியாக அடையாளப்படுத்த 2019 செப்டெம்பரில் கூகுள் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. கொமிஷன் லிங்க் போடும் பலர் அதையோ அதற்கு முந்தைய குறியீட்டையோ ஒழுங்காகச் சேர்த்துவிடுகிறார்கள். தேடலில் பின்னுக்குப் போய்விடுவோம் என்ற பயம். பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், "இது காசுக்கான லிங்க்" என்று கூகுளின் இயந்திரத்துக்குச் சொல்லியாயிற்று. வாசிக்கிற மனிதருக்குச் சொல்லவில்லை. இதை நினைத்துப் பார்த்த பிறகு இந்த வழிக்கு ஆதரவாக எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இது சரியாக அமையும் சூழ்நிலை என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. லிங்க்கில் உங்களுக்கு எதுவும் வராதென்றால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஐந்தாவது வழி.

## வழி 2: தனிப் பக்கத்தில் அல்லது அடியில் சொல்வது

தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி, அல்லது "எங்கள் கொள்கை" என்று ஒரு பக்கம். ஒரு தடவை எழுதினால் போதும் என்பதால் இதுதான் எல்லோருக்கும் பிடித்த வழி. நானும் தொடக்கத்தில் இதைத்தான் செய்தேன். ஒரு வாசகி, "நீங்கள் அந்தக் கடையிடம் காசு வாங்குகிறீர்களா?" என்று நேராகக் கேட்டபோது, "அடியில் எழுதியிருக்கிறேனே" என்று பதில் போட்டேன். "கைபேசியில் அவ்வளவு தூரம் யார் போவார்கள்?" என்று எழுதினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நம் வாசகர்களில் அநேகர் பஸ்ஸிலும் அடுப்படியிலும் கைபேசியில் வாசிப்பவர்கள். லிங்க் நடுவில் இருக்கிறது. அறிவிப்பு பத்துத் தடவை விரலால் தள்ளினால் வரும் இடத்தில் இருக்கிறது.

அமெரிக்க ஆணையமும் இதையேதான் சொல்கிறது: அறிவிப்பு பரிந்துரையோடு சேர்ந்து, கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், தனிப் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுத்துவிட்டுப் போவது போதாது.

ஆனாலும் தனிப் பக்கத்துக்கு ஒரு பயன் உண்டு. எந்தெந்தக் கடைகளோடு தொடர்பு, இலவசமாகப் பொருள் வந்தால் என்ன செய்வீர்கள், பிடிக்காத பொருளைப் பற்றி எழுதுவீர்களா என்பதையெல்லாம் விரிவாகச் சொல்ல அதுதான் இடம். மற்ற வழிகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

## வழி 3: கட்டுரையின் தலையில் ஒரு வரி

தலைப்புக்குக் கீழே, முதல் பந்திக்கு முன்னால், வழமையான எழுத்தளவில் ஒரு வரி. ஐந்து அளவுகோலிலும் இது நன்றாக நிற்கிறது. ஆனால் அந்த வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அஃபிலியேட்டுக்கு நம்மிடம் ஊன்றிய தமிழ்ச்சொல் இல்லை. "இணை இணைப்பு", "துணை இணைப்பு", "பங்காளர் இணைப்பு" என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அதில் காசு விஷயம் ஒன்று இருக்கிறதென்றே அவவுக்குப் படவில்லை. அஃபிலியேட் என்று அப்படியே எழுதினாலும் அதே நிலைதான். ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே அந்தச் சொல்லைத் தனியாகப் போட்டால் வாசகருக்கு விளங்காது என்று அமெரிக்க, பிரித்தானிய அமைப்புகள் எச்சரிக்கின்றன. கொமிஷன் என்றால் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவருக்கும் விளங்கும், வெள்ளவத்தை வங்கி மனேஜருக்கும் விளங்கும். அதனால்தான் அந்தச் சொல்.

அமேசன் கேட்கும் ஆங்கில வாக்கியத்தை மட்டும் போட்டுவிட்டு இருப்பதும் போதாது. ஒப்பந்தத்துக்கு அது சரி. தமிழில் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு அது சுவரில் கிடக்கும் எழுத்து. அறிவிப்பு வாசகருக்கு விளங்கும் மொழியில், பரிந்துரையின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்பது இந்திய விதிகளின் போக்கு. எனக்கு அந்த ஒரு விதி மிகவும் பிடித்தது. ஆங்கில வாக்கியமும் இருக்கட்டும், தமிழும் இருக்கட்டும்.

நான் இப்போது பாவிக்கும் வரி இது: "இதிலுள்ள லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் கடை எனக்குக் கொமிஷன் தரும்." முன்பு இதன் பின்னால் "உங்களுக்கு மேலதிகச் செலவு இல்லை" என்றும் சேர்த்திருந்தேன். அந்தக் கடையின் விலை கூடாது என்ற அளவில் அது உண்மை. ஆனால் அதே பொருள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் குறைந்த விலைக்கு, உள்ளூர் உத்தரவாதத்தோடு கிடைக்கலாம். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் அனுப்பும் செலவு, சுங்க வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு "உங்களுக்குச் செலவில்லை" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எடுத்துவிட்டேன்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. பேஸ்புக்கிலோ தேடலிலோ கட்டுரையின் முன்னோட்டம் வரும்போது முதல் வரியாக இந்த அறிவிப்பே வந்து நிற்கும். வாசகருக்குக் கட்டுரை எதைப் பற்றியது என்றே தெரியாது. முன்னோட்ட வரியைத் தனியாக எழுதிக் கொடுத்தால் இது தீரும். மற்றது, நீண்ட கட்டுரைகளில் பொருளடக்கத்தைத் தொட்டு நேராக நடுவுக்குப் போகிறவர் தலையைப் பார்க்கவே மாட்டார். காணொளி செய்பவர்களுக்கும் இதே சிக்கல்: கீழே உள்ள விவரப் பகுதியை யாரும் திறப்பதில்லை, அதனால் வாயால் சொல்ல வேண்டும்.

ஒரே பொருளைப் பற்றி, ஒன்றோ இரண்டோ லிங்க்கோடு எழுதுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி 4: ஒவ்வொரு லிங்க்கோடும் சொல்வது

லிங்க்கின் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "கொமிஷன் உண்டு" என்று இரண்டு சொல். "10,000 ரூபாய்க்குள் வாங்கக்கூடிய ஆறு பிளெண்டர்கள்" போன்ற பட்டியல்களில் இதுதான் சரி. ஆறில் நான்குக்குக் கொமிஷன் வரும், இரண்டுக்கு வராது என்றால், எது எது என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். முதலாம் இடத்தில் வைத்த பொருளுக்குக் கொமிஷன் இருக்கிறதா என்பது அவர் கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி.

எழுதுபவரின் கைக்கும் இது நல்லது. அடைப்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டும்போது, கொமிஷன் உள்ளவை எல்லாம் மேலே வந்திருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். எனக்கு அப்படி ஒருமுறை தெரிந்தது, வரிசையை மாற்றினேன்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது இன்னும் அவசியம். லிங்க் மட்டும்தான் கைமாறிப் போகும். தலையில் எழுதிய வரி கூடப் போகாது. அங்கே லிங்க்கின் மேலேயே அந்தச் சொல்லைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மினக்கேடு உண்மையானது. எழுத்து கொஞ்சம் அலங்கோலமாகும். அதைவிட ஆபத்து, மறதி. பத்து லிங்க்கில் ஒன்பதுக்குக் குறி போட்டு ஒன்றை மறந்தால், அந்தப் பத்தாவது கொமிஷன் இல்லாத, கலப்பில்லாத பரிந்துரை போலத் தோன்றும். எதுவுமே சொல்லாததை விட அது மோசமாகத் திசை திருப்பும். ஆகவே இந்த வழியை எடுப்பவர் தலையில் உள்ள வரியையும் விடக்கூடாது.

## வழி 5: கொமிஷனே வேண்டாம் என்பது

சாதாரண லிங்க், அல்லது கடையின் பெயரும் தெருவும். கேள்விக்கே இடமில்லை. இதைச் செய்பவர்களை மதிக்கிறேன். ஆனால் எல்லோரிடமும் இதைக் கேட்கும் மனது எனக்கில்லை. தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்குப் போனபோது எத்தனையோ தமிழ்த் தளங்களை நடத்தியவர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்த நேரத்தில் டொலரில் வரும் சின்னக் கொமிஷன் ஒரு பெரிய உதவி. வீட்டிலிருந்து எழுதும் பெண்களுக்கு அது சொந்தக் காசு. அதை விடு என்று இலேசாகச் சொல்லிவிட முடியாது.

அதோடு, கொமிஷனை விட்டவர் வேறு வழியில் காசு தேடுவார். அனுசரணை, இலவசப் பொருள், கடை கொடுக்கும் கூப்பன் எல்லாமே கொமிஷனைப் போலத் திறந்து சொல்ல வேண்டியவைதான். கொமிஷனை விட்டதால் மட்டும் பொறுப்பு நீங்காது.

சில விஷயங்களில் மட்டும் இதைத் தவிர வேறு வழி இல்லை என்று உறுதியாக நினைக்கிறேன்: மருந்து, மாத்திரை, குழந்தைப் பால்மா, கடன் செயலி, முதலீட்டுத் திட்டம், வெளிநாட்டுப் படிப்பு முகவர், விசா முகவர். பிளெண்டர் பிழைத்தால் சில ஆயிரம் ரூபாய் போகும். இவற்றில் பிழைத்தால் ஒரு குடும்பம் அடகு வைத்த நகை போகும், ஒரு பிள்ளையின் வருடங்கள் போகும். அங்கே "எனக்குக் கொமிஷன் வரும்" என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் அது போதாது. காசை வாங்காமல் எழுதுங்கள், முடியாவிட்டால் எழுதாமல் விடுங்கள்.

## சொன்ன பிறகும் தீராதது

டேலியன் கெய்ன், ஜோர்ஜ் லோவென்ஸ்டீன், டொன் மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு போத்தலில் நிறையச் சில்லறைக் காசு. அதில் எவ்வளவு இருக்கிறதென்று ஒருவர் தூரத்திலிருந்து பார்த்து மதிப்பிட வேண்டும். கிட்ட நின்று பார்த்த இன்னொருவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். சில ஆலோசகர்களுக்கு, மதிப்பீடு கூடக் கூடக் காசு கிடைக்கும்படி வைத்தார்கள். அவர்களிலும் சிலரின் நிலையை மதிப்பிடுபவருக்கு வெளிப்படையாகச் சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆலோசனை நேராகும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. தம் நிலை தெரியப்படுத்தப்பட்ட ஆலோசகர்கள் இன்னும் கூடுதலாக ஊதிச் சொன்னார்கள். கேட்டவர்களும் அதற்கேற்ற அளவு கழித்துப் பார்க்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. சொல்லிவிட்டோம், இனி வாசகர் பார்த்துக்கொள்வார் என்று மனது தானே அனுமதி எடுத்துக்கொள்கிறது. இதற்காகச் சொல்வதை விட முடியாது. சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் விட வேண்டும்.

என் மச்சாளுக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஒரு கட்டுரையை நம்பி, அதிலிருந்த லிங்க்கில் ஒரு நல்ல பிளெண்டரை ரொறன்ரோவிலுள்ள உறவினர் வீட்டுக்கு எடுப்பித்து, அவர்கள் வரும்போது கொண்டுவரச் செய்தா. மொரட்டுவையில் வீட்டுச் செருகியில் மாட்டிய அன்றைக்கே மோட்டார் கருகிப் போனது. வட அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட்; நமக்கு 230. அந்தக் கட்டுரையின் தலையில் கொமிஷன் பற்றிய அறிவிப்பு ஒழுங்காக இருந்தது. ஆனால் இலங்கைத் தமிழில், இலங்கை வாசகருக்கு எழுதிய அந்தக் கட்டுரையில் 120 வோல்ட் என்று ஒரு சொல் இல்லை. கொமிஷன் தரும் கடையில் இருந்த பொருள் அது. முதலாம் குறுக்குத் தெருவில் 230 வோல்ட்டுக்கே செய்த பிளெண்டர் இருந்தது. அந்தக் கடை யாருக்கும் கொமிஷன் தருவதில்லை, அதனால் கட்டுரையில் வரவில்லை.

கொமிஷன் அதிகம் வளைப்பது எழுதியதை விட, எழுதாமல் விட்டதைத்தான். எந்த அறிவிப்பும் அதைக் காட்டாது. அதற்கு நான் வைத்திருக்கும் பழக்கம் ஒன்றுதான்: பொருள் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும், எனக்கு ஒரு சதமும் வராத ஒரு தெரிவையாவது தேடிப் பார்த்து, தகுதியானதென்றால் விலையோடு எழுதுவது. அப்புறம், வாங்கவே வேண்டாம் என்பது சரியான பதிலாக இருந்தால் அதையும் எழுதுவது. அம்மியும் பழைய கிறைண்டரும் நன்றாக வேலை செய்யும் வீட்டுக்குப் புதுப் பிளெண்டர் எதற்கு?

## அந்த இருவருக்கும்

தெஹிவளைத் தங்கைக்கு மூன்றாவது வழி. அவள் எழுதுவது ஒரு கட்டுரைக்கு ஒரு பொருள். தலையில் ஒரு வரி போதும், அதோடு புறக்கோட்டை விலையையும் சேர்க்கச் சொன்னேன். கொட்டாஞ்சேனைத் தம்பி பட்டியல் போடுகிறவர், லிங்க்கை வட்ஸ்அப்பிலும் அனுப்புகிறவர். அவருக்கு மூன்றும் நான்கும் சேர்ந்து.

அவர் உடனே கேட்டது: "சரி அக்கா, இதுவரை எழுதின இருநூறு கட்டுரையையும் என்ன செய்யிறது?" நல்ல கேள்வி. இருநூறையும் ஒரே நாளில் தொட முடியாது. கடந்த மூன்று மாதத்தில் அதிகம் வாசிக்கப்பட்ட இருபதை எடுத்து, அவற்றின் தலையில் வரியைச் சேருங்கள். மற்றவற்றில், முடிகிற வரைக்கும், தளத்தின் எல்லாப் பக்கங்களின் மேலேயும் அதே வரி தானாக வரும்படி வைக்கலாம். அது வார்ப்புருவில் ஒரு இடத்தில் மாற்றும் வேலைதான். அப்புறம் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள்: இன்ன திகதி வரை நான் இதைச் சொல்லாமல் இருந்தேன், இனிச் சொல்வேன், பழையவற்றைத் திருத்திக்கொண்டு வருகிறேன் என்று.

தம்பி அந்தக் குறிப்பைப் போன ஞாயிற்றுக்கிழமை போட்டார். தங்கை தன் பிளெண்டர் கட்டுரையின் தலையில் இப்படி எழுதியிருக்கிறாள்: "இந்த லிங்க்கில் வாங்கினால் கடை எனக்குக் கொமிஷன் தரும். வாங்குமுன் புறக்கோட்டையிலும் ஒருக்கா விலை கேட்டுப் பாருங்கோ."